காஜா பெராங்கில் ஒரு துண்டுத்தாள்கூட வீணாகவில்லை

தம்பி,

உன் கடிதம் திங்கட்கிழமையே வந்துவிட்டது. இன்று சனிக்கிழமை. பதில் தாமதமானதற்கு உடம்பு காரணமில்லை, கோபம்தான் காரணம். கோபம் தணிந்த பிறகு எழுதலாம் என்று ஐந்து நாள் பார்த்தேன், தணிவதாகத் தெரியவில்லை. கோலாலம்பூரில் உனக்குப் பிரசார அலுவலகத்தில் வேலை கிடைத்ததும், உன் மேலதிகாரி உன்னிடம் பிரியமாக நடந்துகொள்வதும், டிப்தீரியா தடுப்பு ஊசிக்காக மலாக்காவில் நடந்த பிரசாரத்தைப் பற்றி ஒரு கையேடு எழுதும் பொறுப்பை அவர் உன்னிடமே கொடுத்திருப்பதும் உன் கடிதத்திலிருந்து தெரிந்தது. அந்தக் கையேட்டைப் பார்த்து மற்ற ஊர்களிலும் அதே மாதிரி செய்யப் போகிறார்களாம். 'அப்பா, நீங்கள்தானே அப்போது அந்த வேனில் தமிழ் அறிவிப்பு செய்தீர்கள். எத்தனை தெரு, எத்தனை துண்டுத்தாள், எத்தனை பேர் கேட்டார்கள் என்று நினைவிருப்பதை எழுதுங்கள்' என்று கேட்டிருக்கிறாய். எழுதுகிறேன். நீ கேட்ட எண்களையும் தருகிறேன், நீ கேட்காத எண்களையும் தருகிறேன். படித்து முடித்தபின் உன் மேலதிகாரி வேலாயுதத்தின் முகத்தில் அதே பிரியத்தோடு உன்னால் விழிக்க முடிந்தால், நான் உன்னைச் சரியாக வளர்க்கவில்லை என்று எண்ணிக்கொள்கிறேன்.

அவனை இந்தக் கடிதத்தில் 'அவர்' என்று எழுத மாட்டேன். இரண்டு வருஷம் வாய் நிறைய 'சார், சார்' என்று அழைத்தாகிவிட்டது, அது போதும். மலாயாவுக்குச் சுதந்திரம் வந்த வருஷம் ஈப்போவிலிருந்து மாற்றலாகி மலாக்காவுக்கு வந்தான். மடிப்புக் கலையாத சட்டை, கேட்டவர் மயங்கும் தமிழ், யாரைப் பார்த்தாலும் தோளில் கை போட்டுப் பேசும் பழக்கம். அவன் முட்டாள் என்று உன்னிடம் சொன்னால் நீ நம்பமாட்டாய், நானும் சொல்ல மாட்டேன். அவன் கெட்டிக்காரன். ஒரு வேலையைச் செய்யாமலே செய்து முடித்த மாதிரி காகிதத்தில் காட்டுவதில் அவனுக்கு நிகராக இன்னொருவனை நான் பார்த்ததில்லை. அந்த வித்தையைத்தான் இப்போது உன் கையால் எழுத வைத்து ஊருக்கெல்லாம் அனுப்பப் பார்க்கிறான்.

நான் அந்த வேலைக்கு வருவதற்கு முன்பு சினிமாக் கொட்டகைக்கு லாரியில் மைக் பிடித்தவன். நீ சின்னப் பையனாக இருந்தபோது என் குரல் கேட்டால் வாசலுக்கு ஓடிவருவாய். அந்தக் கொட்டகை முதலாளி அதிகம் படிக்காத மனிதர். செமாபோக்கில் எத்தனை பேர் என் அறிவிப்பைக் கேட்டார்கள், கிளேபாங்கில் எத்தனை பேர் கைதட்டினார்கள் என்று ஒருநாளும் என்னிடம் விசாரித்ததில்லை. சாயங்கால ஆட்டம் தொடங்கியதும் உள்ளே எட்டிப்பார்ப்பார். நாற்காலி நிறைந்திருந்தால் என் அறிவிப்பு நன்று, காலியாகக் கிடந்தால் என் அறிவிப்பு மோசம். கிளேபாங்கிலிருந்து யாரும் வரவில்லையென்றால் மறுநாளே அந்தப் பக்கம் வேறு மாதிரி சொல்லிப்பார்க்கச் சொல்வார். பிரசாரம் என்றால் என்ன என்று எனக்குத் தெரிந்ததெல்லாம் அவரிடம் கற்றதுதான்.

அதை நம்பித்தான் டிப்தீரியா பிரசாரத்துக்காகக் கூடிய முதல் கூட்டத்தில் வாயைத் திறந்தேன். வருஷா வருஷம் அந்தத் தொண்டை அடைப்பான் ஊரில் பிள்ளைகளைக் கொண்டுபோய்க்கொண்டிருந்தது. ஊசி இலவசம், புதன்கிழமை தோறும் கிளினிக்கில் போடுகிறார்கள், ஆனால் தாய்மார் பிள்ளைகளைக் கூட்டி வருவதில்லை. அதற்காகத்தான் பிரசாரம். வேலாயுதம் எழுந்து, இத்தனை ஆயிரம் துண்டுத்தாள் அச்சடிக்கிறோம், இத்தனை மைல் வேன் ஓடப் போகிறது, இரண்டு மாதம் கழித்துக் கோலாலம்பூரிலிருந்து பெரிய அதிகாரிகள் வந்து பார்வையிடுவார்கள் என்று அழகாகப் பேசினான். நான் கை தூக்கினேன்.

"சார், ஊசி போடாத பிள்ளைங்க ஒவ்வொரு ஏரியாலயும் எத்தனைன்னு மொதல்ல பார்த்துட்டா, ரெண்டு மாசத்துக்குள்ள அதுல இத்தனை பேர கிளினிக்குக்கு வர வெக்கணும்னு ஒரு நம்பர் வெச்சுக்கலாம். வாரா வாரம் கிளினிக் மிஸ்ஸிகிட்ட கேட்டாலே போதும்லா, எங்க வரலைன்னு தெரிஞ்சிடும். அங்க மறுபடி போலாம்."

அவன் சிரித்தான். மற்றவர்களும் சிரித்தார்கள், அவன் சிரித்ததால். "உங்களுக்கு எண்றதுல ரொம்ப ஆசை போல. நல்லதுதான். வெளிய வேன் நிக்குது, மைக் சரியா கேக்குதான்னு பாக்கணும். போய் நூறு வரைக்கும் எண்ணுங்க" என்றான். விளையாட்டு என்று நினைத்து உட்கார்ந்தே இருந்தேன். "ஏன் உக்காந்திருக்கீங்க?" என்றான். போய் எண்ணினேன், தம்பி. நட்டநடுப் பகலில், தெருவில், ஒலிபெருக்கியில், ஒன்று, இரண்டு, மூன்று என்று நாற்பத்தாறு வயது மனிதன் நூறு வரைக்கும் எண்ணினேன். அலுவலக ஜன்னல்களில் முகங்கள் வரிசையாக நின்றன. எதிர்க்கடையில் காப்பி குடித்துக்கொண்டிருந்தவர்கள் என்னோடு சேர்ந்து எண்ண ஆரம்பித்தார்கள். நூறு வந்ததும் கைதட்டினார்கள். நான் உள்ளே திரும்பி வந்தபோது வேலாயுதம் அடுத்த விஷயத்தைப் பேசிக்கொண்டிருந்தான், என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அன்று வீட்டுக்கு வந்து யாரிடமும் சொல்லவில்லை. நீ சிங்கப்பூரில் படித்துக்கொண்டிருந்தாய். உன் அம்மா உன் சித்தியின் பிரசவத்துக்காகச் செமாபோக்கில் போய் இருந்தாள், இரண்டு மாதம் ஆகும் என்று சொல்லியிருந்தாள். தனியாகச் சமைத்து, தனியாகச் சாப்பிட்டு, தனியாகக் கறுவிக்கொண்டிருந்தேன். அவன் பிரசாரம் மூக்குடைந்து விழவேண்டும், விழுவதைக் கோலாலம்பூர் அதிகாரிகள் பார்க்க வேண்டும், விழுந்ததை எண்ணிச் சொல்கிறவன் நானாக இருக்க வேண்டும். அந்த ஆசை ஒன்றுதான் இருந்தது. பிள்ளைகளைப் பற்றி நான் நினைத்ததாக எனக்கு ஞாபகம் இல்லை. நினைத்தேன் என்று இப்போது எழுதினால் உன்னை ஏமாற்றுவதாகும்.

அவன் விழுவதற்கான குழியை அவனே வெட்டிக்கொண்டான். எந்தத் தெருவில் எந்த மொழி என்று குறித்துக்கொள்ள ஒருநாள் ஊரைச் சுற்றி வந்தான். நம் காஜா பெராங்கில் மலாக்காச் செட்டிமார் வசிக்கும் சந்துக்குள் வண்டியைவிட்டு இறங்கினான். கோயில் கோபுரத்தைப் பார்த்தான், நிலைப்படிகளில் மாவிலைத் தோரணத்தைப் பார்த்தான், நெற்றியில் விபூதியைப் பார்த்தான், காமாட்சி, மீனாட்சி, ஆறுமுகம் என்று பெயர்களைக் கேட்டான், தன் தாளில் 'தமிழ்' என்று எழுதிக்கொண்டான். இந்த ஊரில் பிறந்த எந்தக் குழந்தையைக் கேட்டிருந்தாலும் சிரித்திருக்கும். செட்டிமார் வீட்டில் எத்தனையோ தலைமுறையாகப் பேச்சு மலாய்தான். தமிழ் அவர்களுக்குக் குருக்கள் வாயிலிருந்து வருவது, சாமிக்கு முன்னால் கேட்பது. பொருள் தெரியாமலே பக்தியோடு கேட்பார்கள். நீ அந்தச் சந்தில் கோலி விளையாடி வளர்ந்தவன், உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. வேலாயுதத்துக்கு ஒரே ஒரு வாக்கியம் சொல்லியிருக்க வேண்டும். அவன் கையில் இருந்த தாளைப் பார்த்தேன், பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் வேன் அந்தச் சந்துக்குள் நுழைந்தது. ஓட்டுநர் பாக் ஹசான், மலாய் அறிவிப்பும் அவர் பொறுப்பில்தான். மைக்கை நான் எடுத்ததும் அவர் என்னை ஆச்சரியமாகப் பார்த்தார். இவர்களுக்குத் தமிழ் புரியாதே, கொடுங்கள், நான் பேசுகிறேன் என்று மலாயில் சொல்லிக் கையை நீட்டினார். துவான் வேலாயுதத்தின் உத்தரவு என்று சொல்லி அந்தக் கையை விலக்கினேன். வேலாயுதம் எழுதிக் கொடுத்த அறிவிப்பை ஒரு சொல் விடாமல் வாசித்தேன். பெற்றோர்களே, தாய்மார்களே, கொடிய தொண்டை அடைப்பான் நோயினின்றும் உங்கள் இளந்தளிர்களைக் காப்பாற்ற முன்வாருங்கள் என்று நீட்டி முழக்கி வாசித்தேன். என் குரல் அன்று நன்றாக இருந்தது. சந்து முழுவதும் வெளியே வந்து நின்றது. பெண்கள் மலாய்க்காரர் உடுத்தும் சாரோங் கெபாயாவில், தலையில் பூவோடு, என் தமிழைக் கேட்டுக் கைகூப்பி நின்றார்கள். துண்டுத்தாளை வலது கையால் வாங்கி, இடது கையால் வலது முழங்கையைத் தாங்கி, கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். வேலாயுதம் பின்னால் நடந்துவந்து சாக்கடை ஓரமெல்லாம் குனிந்து பார்த்தான். மற்ற தெருக்களில் கசக்கி எறிந்து கிடக்கும். அங்கே ஒன்றுகூட இல்லை. 'காஜா பெராங்கில் ஒரு துண்டுத்தாள்கூட வீணாகவில்லை' என்று அங்கேயே நின்று எழுதினான். எழுதிப் பக்கத்தில் 'முடிந்தது' என்று ஒரு கோடு கிழித்தான். பிரசாரம் முடியும்வரை வேன் மறுபடி அந்தச் சந்துக்குப் போகவில்லை.

புதன்கிழமை கிளினிக்குக்குப் போனேன். யாரும் என்னை அனுப்பவில்லை, நானாகத்தான் போனேன். அங்கே நர்ஸாக இருந்த மிஸ்ஸி நல்ல பெண், பதிவுப் புத்தகத்தைத் திறந்து காட்டினாள். பெயருக்குப் பக்கத்தில் முகவரி இருக்கும். காஜா பெராங் முழுவதற்கும் ஏழு பிள்ளைகள், அந்தச் சந்திலிருந்து ஒருவர்கூட இல்லை. அந்த வெற்றிடத்தைப் பார்த்து எனக்கு வந்த சந்தோஷத்தை நான் உனக்கு எப்படிச் சொல்வது? சைக்கிளை மிதித்துக்கொண்டு வரும்போது வாய்விட்டுப் பாடினேன். மறுநாள் காலையில் எதிர்வீட்டுக் காமாட்சி என்னை உள்ளே கூப்பிட்டாள். உனக்குத் தெரிந்த காமாட்சிதான், நீ விடுமுறைக்கு வந்தால் குவே பலகாரம் செய்து அனுப்புவாளே, அவள். அவள் வீட்டுச் சாமி அறையில், முருகன் படத்துக்குக் கீழே, என் துண்டுத்தாள் இருந்தது. நான்கு மூலையிலும் சந்தனம், குங்குமம். மேலே ஒரு செம்பருத்தி.

"இனி சூராட் செம்பாயாங், கான்?" என்று கேட்டாள். இது பூஜைக்கான தாள்தானே என்று கேட்கிறாள். எந்தச் சாமிக்கு, என்றைக்கு எடுத்து வைக்க வேண்டும் என்று தெரிந்துகொள்ளத்தான் கூப்பிட்டிருக்கிறாள். அவளுடைய நான்கு வயது மகள் இந்திராணி என் காலைக் கட்டிக்கொண்டு நின்றது. நான் ஆமாம் என்று தலையாட்டிவிட்டு வந்தேன்.

இந்த இடத்தில் கொஞ்சம் நில், தம்பி. உன் வேலைக்கு வேண்டியது இங்கேதான் இருக்கிறது. எத்தனை தாள் கொடுத்தோம் என்பது அச்சகத்தைப் பற்றிய செய்தி. எத்தனை பேர் நின்று கேட்டார்கள் என்பது அந்தத் தெருவின் மரியாதையைப் பற்றிய செய்தி. உன் பிரசாரத்தைப் பற்றிய செய்தி கிளினிக் பதிவுப் புத்தகத்தில் மட்டும்தான் இருக்கும். ஆரம்பிப்பதற்கு முன்னால் ஊசி போடாத பிள்ளைகள் இத்தனை என்று எண்ணி வைத்துக்கொள். எந்தத் தேதிக்குள் எத்தனை பிள்ளைகள் வர வேண்டும் என்று வெட்கப்படாமல் எழுதி, எல்லாரும் பார்க்கும் சுவரில் மாட்டு. அறிவிப்பு முடிந்ததும் மூன்று வீட்டுக்குள் போய், இப்போது நான் என்ன சொன்னேன் என்று அவர்களைச் சொல்லிக் காட்டச் சொல். காமாட்சியை அப்படிக் கேட்டிருந்தால் ஐந்து நிமிஷத்தில் சாயம் வெளுத்திருக்கும். இதெல்லாம் எனக்கு அப்போதே தெரியும், அதுதான் என் வயிற்றெரிச்சல். தெரியாத வேலாயுதம் அளக்கவில்லை. தெரிந்த நான் அளந்தேன், ஆனால் திருத்துவதற்காக அளக்கவில்லை. அவனைக் குத்துவதற்கு ஒரு கத்தி வேண்டியிருந்தது, அதைத்தான் தீட்டிக்கொண்டிருந்தேன். அளந்து வந்த விடையைக் கோலாலம்பூர் அதிகாரிகள் வரும் கூட்டத்து நாள் வரைக்கும் சட்டைப்பையில் வைத்திருந்தேன்.

இந்திராணிக்குக் கூட்டத்துக்குப் பல வாரம் முன்பே காய்ச்சல் வந்தது. தொண்டை வீங்கியது. ஆஸ்பத்திரிக்கு எடுத்துக்கொண்டு ஓடினார்கள். மூன்றாம் நாள் திரும்பி வந்தார்கள். அதற்கு மேல் அதைப் பற்றி என்னால் எழுத முடியாது. நீ அப்போது கேட்டபோது 'சுகமில்லாமல் போய்விட்டது' என்று ஒரு வரி எழுதினேன், நினைவிருக்கும்.

கோலாலம்பூர் அதிகாரிகள் வந்த நாளில் என் சட்டைப்பையில் எல்லா எண்களும் இருந்தன. வாரவாரியாக, தெருத்தெருவாக, தேதியோடு. வேலாயுதம் ஒரு மணி நேரம் பேசினான். ஒலிபெருக்கி எத்தனை மைல், துண்டுத்தாள் எத்தனை ஆயிரம், கைகூப்பி நின்ற பெண்களின் புகைப்படம். பிறகு யாருக்காவது கேள்வி உண்டா என்று கேட்டார்கள். நான் எழுந்து நின்று அந்தத் தாளை எடுத்தால், உனக்கு எப்போதிருந்து தெரியும் என்று கேட்பார்கள். தேதிதான் தாளிலேயே இருக்கிறதே. நான் எழவில்லை. கைதட்டினார்கள், நானும் தட்டினேன்.

இதோடு விட்டிருந்தால் ஒருவேளை நானும் அவனும் சரிக்குச் சரி என்று மனதைத் தேற்றிக்கொண்டு செத்திருப்பேன். அவன் விடவில்லை. அந்த அதிகாரிகளில் ஒருவர், காஜா பெராங்கில் ஒரு குழந்தை இறந்ததாகக் கேள்விப்பட்டேனே என்று கேட்டிருக்கிறார். உடனே பூசி மெழுக ஒரு வழி கண்டுபிடித்தான். அந்த வீட்டுக்கு அறிவிப்பு போய்ச் சேர்ந்தது, துண்டுத்தாளும் கொடுத்தோம், தாயின் அலட்சியத்தால்தான் குழந்தை போனது என்று அறிக்கையில் எழுதினான். எழுதியதோடு நில்லாமல் அதை மற்றவர்களுக்குப் பாடமாக்க வேண்டும் என்று ஒரு புதிய அறிவிப்புத் தயாரித்தான். மறு ஞாயிறு வேன் அந்தச் சந்துக்குப் போயிற்று, 'முடிந்தது' என்று கோடு கிழித்த அதே சந்துக்கு. பாக் ஹசான் வண்டியை நிறுத்திவிட்டு இறங்கிப் போய் மரத்தடியில் நின்றுகொண்டார். நான் வாசித்தேன். இந்தத் தெருவில் ஒரு தாய், எச்சரித்தும் கேளாமல், ஊசிக்கு அழைத்தும் வாராமல், தன் கையாலேயே தன் குழந்தையைப் பறிகொடுத்தாள், நீங்களும் அந்த அலட்சியக்காரியைப் போல் ஆகாதீர்கள் என்று தமிழில் வாசித்தேன். காமாட்சி வாசலுக்கு வந்தாள். கூந்தலில் பூ இல்லை. என் குரலைக் கேட்டுக் கைகூப்பி, வாசிப்பு முடியும்வரை அப்படியே நின்றாள்.

மறு மாதம் வேலையை விட்டேன். தொண்டை போய்விட்டது என்று உங்களிடம் சொன்னேன். தொண்டைக்கு ஒன்றும் இல்லை, இன்றைக்கும் கத்தினால் பாசார்ச் சந்தை வரைக்கும் கேட்கும். இரும்புக் கடையில் ஆணி எடை போட்டுக் கொடுத்துக்கொண்டு இரண்டு வருஷமாக வாயை மூடியிருந்தேன். அதற்குள் அவன் பதவி உயர்ந்து கோலாலம்பூர் போனான், மாலை போட்டு அனுப்பினார்கள். இப்போது என் மகனின் தோளில் கை போட்டு, என் மகனின் எழுத்தில், 'ஒரு துண்டுத்தாள்கூட வீணாகவில்லை' என்று அச்சேற்றப் போகிறான். அதைப் பார்த்து இன்னொரு ஊரில் இன்னொருவன் சாக்கடையைக் குனிந்து பார்த்து 'முடிந்தது' என்று கோடு கிழிப்பான். விடமாட்டேன். நான் சாகும் முன்பு அவன் முகம் வெளிறுவதைப் பார்க்க வேண்டும், பார்க்க முடியாவிட்டால் பார்த்ததை நீ எழுதி அனுப்ப வேண்டும். அந்த எண்களையெல்லாம் இந்தக் கடிதத்தோடு வைத்திருக்கிறேன். கையேட்டைப் பற்றிப் பேசப் பெரிய அதிகாரிகளைக் கூட்டுவான், அவனுக்குக் கூட்டம் இல்லாமல் இருக்க முடியாது. அன்று எழுந்து நில். மரியாதையாகவே கேள், குரலை உயர்த்தாதே. சார், அந்தச் சந்திலிருந்து கிளினிக்குக்கு எத்தனை பிள்ளைகள் வந்தார்கள் என்று மட்டும் கேள். அவன் தாள், மைல், புகைப்படம் என்று தண்ணீர் காட்டுவான். மறுபடி அதையே கேள். பதில் வரும்வரை உட்காராதே. உன் வேலை போனாலும் போகட்டும், இரும்புக் கடையில் இன்னொரு தராசு இருக்கிறது.

இதுவரை சனிக்கிழமை எழுதியது. உன் அம்மாவிடம் படித்துக் காட்டினேன். அவள் எழுந்து போய்ச் சோற்றை வடித்தாள். அன்றைக்கு முழுதும் என் தட்டில் சோறு வைத்தாளே தவிர என் முகத்தைப் பார்க்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில், "காமாட்சிகிட்ட படிச்சுக் காட்டினீங்களா?" என்று மட்டும் கேட்டாள்.

போனேன். காமாட்சி வாசலில் உட்கார்ந்து வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தாள். அவள் பேச்சிலேயே, மலாயில், ஒவ்வொரு வரியாகச் சொன்னேன். தாளில் என்ன எழுதியிருந்தது என்று சொன்னேன். இரண்டாவது தடவை வேன் வந்த ஞாயிற்றுக்கிழமை நான் வாசித்தது என்ன என்று சொன்னேன். வெற்றிலை கையிலேயே இருந்தது. முடித்ததும் அழுவாள், திட்டுவாள் என்று நினைத்தேன். அவள் கேட்டது ஒரு கேள்வி.

"பெராப்பா ராபு?"

எத்தனை புதன்கிழமை. எனக்குத் தெரிந்த நாளிலிருந்து பிள்ளைக்குக் காய்ச்சல் வந்த நாள்வரை, ஊசி போடும் புதன்கிழமை எத்தனை வந்துபோயின என்று கேட்கிறாள். நான்கு என்றேன். அவள் ஒவ்வொன்றாகச் சொல்லி விரல்களை மடக்கினாள். முதல் புதன்கிழமை நீ சமையல் வாசனைக்குப் பாண்டான் இலை கேட்டு வந்தாய், இந்திராணிதான் பறித்துக் கொடுத்தாள். இரண்டாவது, மழையில் உன் வீட்டுத் தகரம் பறந்தது, என் புருஷன் ஏறிச் சரிசெய்தார். நான்காவது, அவளுக்கு இருமல், உன்னிடம்தான் காட்டினேன், மழையில் நனைந்திருப்பாள் என்று சொன்னாய். மூன்றாவது விரலை மட்டும் மடக்காமல் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

மூன்றாவது புதன்கிழமை நான் கிளினிக்குக்குக் கிளம்பும்போது இந்திராணி தானும் வருகிறேன் என்று அழுதது. சைக்கிளில் முன்னால் உட்காரவைத்துக் கூட்டிப்போனேன். கிளினிக் வாசலில், மற்றப் பிள்ளைகள் ஊசிக்கு வரிசையில் நிற்கும் இடத்தில், கையில் ஐஸ் வாங்கிக் கொடுத்து நிறுத்திவிட்டு உள்ளே போனேன். மிஸ்ஸியின் புத்தகத்தில் அந்தச் சந்திலிருந்து இன்றைக்கும் யாரும் வரவில்லை என்று எண்ணி, எழுதிக்கொண்டு, வெளியே வந்து, பிள்ளையைத் திரும்ப வீட்டுக்குக் கூட்டிவந்தேன். மேலே எழுதிய இத்தனை பக்கத்தில் இதை நான் எழுதவில்லை. மறந்துவிட்டேன் என்று சொல்ல மாட்டேன்.

எங்களுக்குத் தமிழ் புரியாது என்று அந்த அதிகாரிக்குத் தெரியுமா என்று காமாட்சி கேட்டாள். தெரியாது, அவன் கேட்கவில்லை, எனக்குத்தான் தெரியும் என்றேன். தலையை ஆட்டினாள். எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அந்தச் சந்தில் பகலில் யாரும் கதவைச் சாத்துவதில்லை.

ஆகவே தம்பி, கூட்டத்தில் நீ கேட்க வேண்டியதில் ஒரு மாற்றம். வேலாயுதத்தை விடாதே, நான் எழுதியபடியே நிற்க வைத்துக் கேள். ஆனால் அதற்கு முன்னால் என் பெயரைச் சொல், என் தகப்பன் என்றும் சொல், மூன்றாவது புதன்கிழமையைச் சொல். முதலில் அதைச் சொல்லிவிட்டால் அவன் என்னைக் காட்டித் தப்பிக்க முடியாது.

உன் அப்பா